கொடுவா இனவிருத்தி: மரபகத் தெரிவுக்கு இப்போதே போவதா, பொறுப்பதா?

திருகோணமலைக் கடலில் கூடு போட்டுக் கொடுவா வளர்ப்பவர்களுக்கு, குஞ்சை வெளியில் வாங்கும்வரை இனவிருத்தி வேறொருவருடைய தலைவலி. தாய்மீனை (இனப்பெருக்கத்துக்கு நிறுத்தும் ஆண், பெண் மீன்களை) சொந்தத் தொட்டியில் வைத்து முட்டையிட வைத்த நாளிலிருந்து அது நம் கைக்கு வந்துவிடுகிறது. எந்த மீனை அடுத்த தலைமுறைக்கு நிறுத்துவது, எதைச் சந்தைக்கு விடுவது என்று பார்க்கும் ஒவ்வொரு தடவையும் தெரிவு நடக்கிறது. கணக்கு வைக்காமல் நடந்தால் அது அநேகமாகத் தவறான திசையில்தான் போகும்.

கையில் இருக்கும் வழிகள் நாலு. வெளிநாட்டில் ஏற்கெனவே மேம்படுத்திய குஞ்சை வாங்கி வளர்ப்பது ஒன்று. அறுவடையில் பெரிய மீன்களை எடுத்து, டி.என்.ஏ மூலம் யார் பிள்ளை என்று பார்த்து, குடும்பத்துக்கு இத்தனை என்று அளவோடு நிறுத்துவது இரண்டு. ஒவ்வொரு குடும்பத்தையும் தனித் தொட்டியில் வளர்த்துப் பரம்பரைப் பதிவோடு தெரிவது மூன்று. நாலாவது மரபகத் தெரிவு. அளந்து பார்த்த சில நூறு அல்லது ஆயிரம் மீன்களில், மரபகம் (மீனின் முழு டி.என்.ஏ) முழுக்கப் பரந்து கிடக்கும் ஸ்னிப் குறிகளையும் (மீனுக்கு மீன் டி.என்.ஏயில் ஓரெழுத்து மாறும் இடங்கள்) அந்த அளவுகளையும் சேர்த்து ஒரு கணிப்புச் சமன்பாடு எழுதி, இன்னும் அளக்காத மீனின் இனவிருத்திப் பெறுமதியை அதன் டி.என்.ஏயில் இருந்தே சொல்வது. மியூவிசன், ஹேய்ஸ், கொடார்ட் ஆகிய மூவரும் 2001இல் முன்வைத்த முறை இது. முதலில் பால்மாட்டில் பரவி, பிறகு சமன் (சால்மன்) மீனுக்கு வந்தது.

நான்கில் எது என்பதைத் தீர்மானிப்பது ஸ்னிப் குறிகளைப் படிக்கும் டி.என்.ஏ சில்லின் ('சிப்') விலை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டு கேள்விகள்தான் தீர்மானிக்கின்றன: எந்தக் குணத்தை மாற்றப் போகிறீர்கள்? தாய்மீன் எத்தனை இருக்கிறது?

மாட்டுக்குக் கிடைத்த லாபம் கொடுவாவுக்கு இல்லை

மாட்டில் இந்த முறை ஏன் அவ்வளவு வேகமாகப் பரவியது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். ஒரு காளையின் பால் தரத்தை அறிய அதன் மகள்கள் பிறந்து, வளர்ந்து, கறக்கும்வரை காத்திருக்க வேண்டும். மரபகத் தெரிவு அந்த வருடங்களை அப்படியே வெட்டிவிட்டது. கன்று பிறந்ததும் முடிவு தெரியும், ஒரு வயதிலேயே விந்து எடுக்கலாம்.

கொடுவா அப்படி இல்லை. அது முதலில் ஆண், பிறகு பெண். 3 அல்லது 4 வயதில் ஆணாக முதிர்ந்து, 5 முதல் 7 வயதுக்குள், பெரும்பாலும் 4 கிலோ தாண்டிய பிறகே பெண்ணாகிறது. ஆண் பக்கம் 3.5 வருடம், பெண் பக்கம் 6.5 வருடம் என்று வைத்தால் சராசரித் தலைமுறை இடைவெளி 5 வருடம். விரல் நீளக் குஞ்சிலேயே அதன் பெறுமதி தெரிந்தாலும் அது முதிர அதே காலம்தான் எடுக்கும். மாட்டுக்குக் கிடைத்த கால லாபம் இங்கே ஏறத்தாழப் பூச்சியம். மிஞ்சுவது துல்லிய லாபம் மட்டும்.

அந்தத் துல்லிய லாபத்தையும் குணத்துக்குக் குணம் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

வளர்ச்சியை எடுத்துக்கொள்வோம். அறுவடை எடை சராசரி 1 கிலோ, மீனுக்கு மீன் வேறுபாடு 30 வீதம், மரபுரிமை (அந்த வேறுபாட்டில் மரபால் வரும் பங்கு) 0.3 என்று வையுங்கள். கொடுவாவுக்கு இவை நம்பக்கூடிய எண்கள். மேல் 5 வீதத்தை நிறுத்தினால் தெரிவுச் செறிவு (எவ்வளவு கடுமையாகப் பொறுக்குகிறோம் என்பதன் அளவு) 2.06. மீனின் சொந்த எடையை மட்டும் வைத்துத் தெரிந்தால், காகிதத்தில், தலைமுறைக்கு 2.06 × 0.3 × 300 = சுமார் 185 கிராம் கூடும். மரபகத் தெரிவில் துல்லியம் (கணிப்பு உண்மைப் பெறுமதியோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது, முழுதாக ஒத்தால் 1) 0.7 கிடைத்தால் 2.06 × 0.7 × 164 = சுமார் 236 கிராம் (164 என்பது மரபால் வரும் வேறுபாடு, 300 × √0.3). வித்தியாசம் 50 கிராம், அதுவும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. உண்மையில் இரண்டுமே இதைவிடக் குறைவாகத்தான் வரும். கொடுவாவில் எடை வேறுபாட்டில் மரபால் வராத பங்கு, 0.3 என்ற கணக்கு சொல்வதைவிடக் கூடலாம். முதல் மாதத்தில் யார் யாரைத் தின்றார் என்பதால் வருகிறது. ஒன்றிரண்டு தம்பிகளை விழுங்கிய குஞ்சு பெரிதாகத் தெரியும். அதன் பிள்ளைகள் பெரிதாக வர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

வளர்ச்சி மட்டும்தான் இலக்கு என்றால் இரண்டாவது வழியே போதும். 50 கிராமுக்காக ஆயிரக்கணக்கான மாதிரிகளைச் சோதிப்பது வீண்செலவு.

நோய் எதிர்ப்பில் கணக்கு தலைகீழாகிறது. நரம்பு அழுகல் நோய் தரும் நோடா வைரஸ், ஸ்ட்ரெப்டோகொக்கஸ் இனியே, செதில் உதிர்வு வைரஸ் ஆகியவற்றில் எதற்கு எதிர்ப்பு வேண்டுமென்றாலும், தெரியப்போகும் மீனுக்கு நோயைக் கொடுத்துப் பார்க்க முடியாது. நோய் கண்ட மீன் தாய்மீனாகத் திரும்பி வரக்கூடாது. அதன் சகோதரங்களைச் சோதனைக் கூடத்தில் நோய்க்கு உட்படுத்தி, எது பிழைத்தது, எது செத்தது என்று பார்க்க வேண்டும். வெறும் பரம்பரைப் பதிவை வைத்தால் ஒரே தாய் தகப்பன் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே மதிப்பெண்தான் விழும். மரபு வேறுபாட்டில் பாதி குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது, அந்தப் பாதி கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. எத்தனை சகோதரங்களைச் சோதித்தாலும் துல்லியம் 0.71ஐத் தாண்டாது. நடைமுறையில் 0.5 பக்கம் வந்தாலே நல்லது. மரபகத் தெரிவு அந்தக் குடும்பத்துக்குள் இருக்கும் பாதியைத் திறந்து காட்டுகிறது. தொட்டியில் அருகருகே நீந்தும் இரண்டு சகோதரங்களில் எது நல்ல துண்டை வாங்கி வந்தது என்று சொல்கிறது. முள் நீக்கிய தசையின் தரம், கொழுப்பு அளவு போல மீனைக் கொன்று அளக்க வேண்டிய குணங்களுக்கும் இதே நியாயம்.

நோய்க் குணத்திலும் ஒரு குறுக்குவழி சிலவேளை இருக்கும். அட்லாண்டிக் சமனில் கணைய அழுகல் நோய்க்கான எதிர்ப்பு பெருமளவு 26ஆவது குரோமோசோமில் உள்ள ஒரே இடத்தில் இருந்தது. ஸ்கொட்லாந்திலும் நோர்வேயிலும் அந்த ஒரு குறியைப் பார்த்தே தெரிந்தார்கள், மரபகம் முழுக்கப் படிக்கத் தேவை வரவில்லை. கொடுவாவில் அப்படியொன்று அகப்படும் என்று நம்பிக் காசை ஒதுக்காதீர்கள். பல சிறு இடங்கள் சேர்ந்துதான் எதிர்ப்பு வருகிறது என்ற கணக்கில் திட்டமிடுவது பாதுகாப்பு. இன்னொன்று, தடுப்பூசி கிடைக்கும் நோய்க்கு முதலில் தடுப்பூசி. இனவிருத்தியின் பலன் வர ஐந்து வருடம், ஊசியின் பலன் அடுத்த போகத்திலேயே.

வெளிநாட்டுக் குஞ்சு

முதல் வழியை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். தலைமுறை இடைவெளி ஐந்து வருடமாக உள்ள மீனில், வேறொருவர் மூன்று தலைமுறை செய்து வைத்திருந்தால் அது 15 வருடத் தொடக்கம். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். எத்தனை பெண், எத்தனை ஆண் மீன்களில் இருந்து இந்தத் தொகுதி வந்தது? எத்தனையாவது தலைமுறை? எந்த உப்பில், எந்த வெப்பத்தில், கூட்டிலா மூடிய சுழற்சித் தொட்டியிலா வைத்துத் தெரிந்தார்கள்? சுழற்சித் தொட்டியில் 28 பாகையில் முதல் வந்த குடும்பம், கொட்டியாரக் குடாவில் வாடைக்காலத்தில் மகாவலி நீர் இறங்கி உப்பு விழும்போதும் முதல் வரும் என்று சொல்ல முடியாது.

நோய்ச் சோதனையில் 'பி.சி.ஆர் பார்த்தாச்சு' என்ற ஒரு வரிப் பதில் போதாது. தொகுதியில் 2 வீதம் மீனில் வைரஸ் இருந்தால் அதை 95 வீத உறுதியோடு பிடிக்க ஏறத்தாழ 150 குஞ்சுகளைச் சோதிக்க வேண்டும். 30 குஞ்சு மட்டும் பார்த்துக் கொடுக்கும் சான்றிதழ் 10 வீதத் தொற்றைப் பிடிக்கும், 2 வீதத்தைப் பெரும்பாலும் தவறவிடும்.

இறக்குமதியில் பலர் மறக்கும் விசயம் ஒன்று உண்டு. இந்தியத் துணைக்கண்டத்துக் கொடுவாவும் தென்கிழக்காசிய, அவுஸ்திரேலியக் கொடுவாவும் மரபில் தனித்தனிக் கிளைகள் என்று 2016இல் வெளியான மரபக ஆய்வு காட்டியது. கூட்டு வலையைப் பேத்தை கடித்துக் கிழித்தால் வெளியே போவது வேற்றுக் கிளை மீன். உள்ளூர்த் தாய்மீனையும் வந்த மீனையும் ஒரே தொட்டியில் கலந்து முட்டையிட வைப்பதற்கு முன் இரண்டு தடவை யோசியுங்கள். கலந்த பிறகு பிரிக்க வழியில்லை.

உள்ளூரிலும் ஒரு பொறி இருக்கிறது. இலங்கையின் மேற்குக் கரையில் இருந்து 2012இல் லேட்டஸ் லக்திவ என்ற தனி இனம் விவரிக்கப்பட்டது. மீனவரிடம் 'கொடுவா' என்று வாங்கும் காட்டுத் தாய்மீன் எல்லாம் ஒரே இனம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தொட்டியில் விடுமுன் ஒவ்வொன்றுக்கும் டி.என்.ஏ பார்த்து இனத்தை உறுதிப்படுத்துவது சில்லறைச் செலவு.

தாய்மீன் எண்ணிக்கை

இனி இரண்டாவது கேள்வி. சிறு பொரிப்பகங்களில் வழக்கமாக இருப்பது ஒரு தொட்டியில் 2 பெண், 4 ஆண். பெரிய பெண் ஒன்று இலட்சக்கணக்கில் முட்டையிடுவதால் குஞ்சுத் தேவைக்கு அது தாராளம். இனவிருத்திக்கு அது தற்கொலை. பலனுள்ள தொகை (மரபுக் கணக்கில் உண்மையில் எத்தனை மீனுக்குச் சமம் என்பது) 4 × 4 × 2 ÷ 6 = 5.3. ஒரே தலைமுறையில் உள்ளினக் கலப்பு (நெருங்கிய சொந்தத்துக்குள் கலப்பது) 9.4 வீதம் ஏறும். பொதுவாக ஏற்கும் எல்லை தலைமுறைக்கு 1 வீதம். 30 ஆணும் 30 பெண்ணும் சமமாகப் பங்களித்தால் 0.83 வீதம் வரும்.

'சமமாக' என்ற சொல்லில்தான் சிக்கல். கொடுவா கூட்டமாக முட்டையிடும். பத்து மீன் உள்ள தொட்டியில் ஒரு இரவில் ஓரிரு சோடி மட்டும் முழுப் பங்கையும் கொடுத்துவிடலாம், மற்றவை சும்மா சுற்றும். எண்ணிக்கையைப் பார்த்து 60 என்று எழுதிவைத்தாலும் உள்ளே இருப்பது 15 ஆக இருக்கலாம். இதை டி.என்.ஏ பெற்றோர்ச் சோதனை இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. நல்ல தெரிவாக எடுத்த 100 முதல் 200 ஸ்னிப் இதற்குப் போதும்.

இந்த அடித்தளம் இல்லாமல் மரபகத் தெரிவுக்குப் போவது ஆபத்து. துல்லியம் கூடக் கூட ஒரே சில குடும்பங்களே திரும்பத் திரும்ப மேலே வரும், நல்ல கருவி நெருங்கிய சொந்தத்தை இன்னும் வேகமாகக் குவித்துவிடும்.

மூன்றாவது வழியை இங்கேயே முடித்துவிடலாம். நோர்வே சமனில் 1970களில் இருந்து குடும்பத்துக்கு ஒரு தொட்டி என்று வளர்த்தே பெரிய முன்னேற்றம் கண்டார்கள். கொடுவாவில் 50 குடும்பத்துக்கு 50 தொட்டி, ஒவ்வொன்றிலும் தனியாக உயிர்த்தீனியான ரொட்டிபரும் ஆர்ட்டிமியாவும், அடையாளக் குறி போடும் அளவு வளரும்வரை தினமும் தரம் பிரிப்பும். டி.என்.ஏ இவ்வளவு மலிந்த பிறகு இதற்கு நியாயம் இல்லை.

இரண்டாவது வழியைச் செய்வது எப்படி

எல்லாத் தாய்மீனுக்கும் 12 மில்லிமீற்றர் பிட் குறி (உடலுக்குள் செலுத்தும் எண் கொண்ட சிறு சில்லு), டி.என்.ஏக்கு ஒரு செட்டைத் துண்டு. ஆறு தொட்டிகளில் 5 பெண், 5 ஆண் வீதம் பிரித்து, எல்லாத் தொட்டியையும் ஒரே வாரத்தில் முட்டையிட வைக்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓமோன் கொடுத்தால் மூன்று நாலு இரவுக்குள் எல்லாம் கிடைக்கும். 28 பாகையில் 17, 18 மணித்தியாலத்தில் பொரிக்கும். பொரித்த அடுத்த நாள், முதல் தீனிக்கு முன், தொட்டிக்குத் தொட்டி எண்ணி, சம எண்ணிக்கையில் கலக்க வேண்டும். எந்த இரவு, எந்தத் தொட்டி என்ற பதிவு அவசியம். மூன்று நாள் மூத்த குஞ்சு பெரிதாகத் தெரிவது மரபு அல்ல, வயது.

அடுத்தது தரம் பிரிப்பு. மீனவர் கையும் கண்ணும் பழகிய இடம், இனவிருத்தி கெட்டுப்போகும் இடமும் அதுதான். ஒன்றையொன்று தின்னாமல் இருக்கச் சில நாளுக்கு ஒருமுறை அளவு பிரித்தே ஆக வேண்டும். வழக்கம்போலக் கடைசித் தரத்தைக் கழித்தால் மெல்ல வளரத் தொடங்கும் குடும்பம் முழுக்க அங்கேயே அழிந்துபோகும். பிறகு வேகமாக வளரக்கூடியது அதுவாகவும் இருந்திருக்கலாம். ஒவ்வொரு தரத்திலும் ஒரே வீதம் எடுத்து முன்னே கொண்டுபோங்கள். கழிப்பதென்றாலும் எல்லாத் தரத்திலும் சமமாகக் கழியுங்கள்.

கூட்டில் அறுவடை அளவு வந்ததும் மேல் 5 முதல் 10 வீதத்தை எடைபோட்டு எடுத்து, குறி போட்டு, செட்டை வெட்டி, தனிக் கூட்டில் நிறுத்த வேண்டும். 300 மீன் போதும். டி.என்.ஏ முடிவு வர ஒன்றிரண்டு மாதம் ஆகும். அந்தக் காலத்துக்கு ஒரு கூடு வெறுமையாக இருக்க வேண்டும் என்பதைத் திட்டத்தில் எழுதாதவர்கள் கடைசியில் மீனை விற்றுவிடுகிறார்கள். முடிவு வந்ததும் ஒரு குடும்பத்துக்கு 3 அல்லது 4 மீனுக்கு மேல் வைக்காதீர்கள், எவ்வளவு பெரிதாக இருந்தாலும். நிறுத்திய மீனைப் பாதி கரைத் தொட்டியிலும் பாதி கூட்டிலும் பிரித்து வையுங்கள். மார்கழிக் கடல் ஒரே இரவில் பத்து வருட வேலையை எடுத்துக்கொண்டு போகும்.

மரபகத் தெரிவுக்குப் போனால்

நோய்தான் குணம், தாய்மீன் அடித்தளம் சரி, பணமும் இருக்கிறது என்றால் போகலாம். தேவைப்படுவது: சோதனைக் கூடத்தில் நோய்க்கு உட்படுத்த 1,000 முதல் 1,500 சகோதர மீன், அவற்றின் பிழைப்பு நாள் பதிவு, எல்லாவற்றின் டி.என்.ஏ; கூடவே தெரிவுக்கு நிற்கும் 500 மீனின் டி.என்.ஏ. நோய்ப் பரிசோதனை பண்ணையில் நடக்கக் கூடாது. கழிவு நீரைக் கிருமிநீக்கம் செய்யும் தனிக் கூடம் வேண்டும். இந்த முழுத் திட்டத்தில் கிடைக்க மிகக் கடினமான உறுப்பு அந்தக் கூடம்தான், சிப் அல்ல.

எத்தனை ஸ்னிப்? ஐம்பதாயிரம் என்று விற்பவர் சொல்வார். நெருங்கிய சகோதரங்களுக்குள் நீண்ட நீண்ட குரோமோசோம் துண்டுகள் அப்படியே கைமாறுவதால், 1,000 முதல் 2,000 குறியிலேயே துல்லியத்தின் பெரும்பங்கு கிடைத்துவிடுகிறது. பெற்றோரை அடர்த்தியாகவும் பிள்ளைகளைச் சில நூறு குறியிலும் படித்து, இடையில் உள்ளதைக் கணினியில் நிரப்புவதும் உண்டு. மாதிரிக்கு 25 டொலர் என்று வைத்தால் 2,000 மீனுக்கு 50,000 டொலர். குறைந்த குறிகள் உள்ள மலிவான தொகுதி 8 டொலர் என்றால் 16,000, 60 பெற்றோரை அடர்த்தியாகப் படிக்க இன்னும் 2,400. இரண்டாவது வழியில் அதே 8 டொலருக்கு 300 மீன் 2,400 டொலரோடு முடியும். விலையை அவரவர் கேட்டு மாற்றிக்கொள்ளலாம், விகிதம் பெரிதாக மாறாது.

இந்தச் செலவு ஒரு தடவையோடு முடிவதில்லை. சமன்பாடு எழுதிய மீன்களில் இருந்து தலைமுறை விலக விலகக் கணிப்பு தேய்கிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் புதுச் சகோதரங்களை அளந்து மறுபடி எழுத வேண்டும். வேறு நாட்டு மந்தையில் எழுதிய சமன்பாட்டை விலைக்கு வாங்கித் திருகோணமலை மீனுக்குப் போட்டால் ஏறத்தாழச் சீட்டுக் குலுக்கிப் பார்த்ததற்குச் சமம்.

பிழை வருவது பெரும்பாலும் கணினியில் அல்ல, படகில். குறி எண் ஒன்று, குப்பி எண் வேறொன்று. ஒருவர் குறியைப் படிக்க, மற்றவர் திருப்பிச் சொல்லி எழுத, மூன்றாமவர் வெட்ட வேண்டும். தனியாளாகச் செய்தால் நூறில் சில கட்டாயம் மாறும். கராம்பெண்ணெயைப் பத்தில் ஒன்றாக எதனோலில் கலக்கி, தண்ணீரில் எண்ணெய் அளவு இலட்சத்தில் 4 முதல் 6 பங்கு வரும்படி விட்டு மயக்கலாம். துண்டு 5 மில்லிமீற்றர் போதும், பெரிதாக வெட்டினால் உள்ளே எதனோல் ஊறாமல் அழுகும். திசுவைப்போல் ஐந்து மடங்கு எதனோல், அடுத்த நாள் அதை ஊற்றிவிட்டுப் புதியது. கடையில் கிடைக்கும் நீல ஸ்பிரிட் வேண்டாம். எதனோல் வாங்க மதுவரித் திணைக்கள நடைமுறைகள் உண்டு, விமானத்தில் அனுப்புவதும் சிரமம். அதற்கு மாற்றாக 20 வீத டி.எம்.எஸ்.ஓ, ஈ.டி.டி.ஏ, கரையாமல் அடியில் தங்கும்வரை உப்பு சேர்த்த கரைசல் அறை வெப்பத்திலேயே டி.என்.ஏயைக் காக்கும், தீப்பிடிக்கவும் மாட்டாது. 96 குழித் தட்டில் ஒரு குழியை, நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாகத் தள்ளி, வெறுமையாக விடுங்கள். தட்டைத் திருப்பி வைத்திருந்தால் அந்தக் குழி காட்டிக்கொடுக்கும். முடிவு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது பெற்றோரோடு பிள்ளை பொருந்துகிறதா என்பது. பொருந்தாதவை 5 வீதத்தைத் தாண்டினால் கணிப்பை நிறுத்திப் பதிவேட்டைத் தேடுங்கள்.

கந்தளாய், தம்பலகாமம் பக்கம் நன்னீரில் யப்பான் மீன் (திலாப்பியா) வளர்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. திலாப்பியா சில மாதத்திலேயே முதிரும், வருடத்துக்கு ஒரு தலைமுறை எடுக்கலாம். 1988இல் பிலிப்பைன்சில் தொடங்கிய கிஃப்ட் திட்டம், மரபகத் தெரிவு என்ற சொல்லே இல்லாத காலத்தில், தலைமுறைக்கு 12 முதல் 17 வீதம் வளர்ச்சியை ஏற்றிக் காட்டியது. அங்கே தனியார் ஒருவர் புதிதாக இனவிருத்தி தொடங்குவதைவிட, நக்டா (தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை) நிலையங்களில் உள்ள நல்ல வர்க்கத்தைக் கலப்பில்லாமல் வாங்கி, குளத்து மீன் கலக்காமல் காத்து, சில போகத்துக்கு ஒருமுறை புதிதாக மாற்றுவதுதான் வேலை.

கொடுவாக்காரருக்கு, எந்த வழியை எடுத்தாலும், இந்த வருடமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இப்போது தொட்டியில் உள்ள தாய்மீன் ஒவ்வொன்றிலும், இனிச் சாகும் தாய்மீனிலும், நிறுத்தும் ஒவ்வொரு தொகுதியிலும் செட்டைத் துண்டு எடுத்துக் குப்பிக்கு உள்ளே பென்சிலால் எழுதிய சீட்டோடு வையுங்கள். மையால் எழுதினால் எதனோலில் கரையும். சோதனைக்கு அனுப்ப இன்று காசு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஐந்து வருடம் கழித்து மரபகத் தெரிவுக்குப் போக நினைக்கும்போது பாட்டி யார், பாட்டன் யார் என்று சொல்லக்கூடியது அந்தக் குப்பிகள் மட்டும்தான்.